நாற்பது வீடும் காலியான தெரு

"…அப்பிடின்னா அந்தத் தெருவுல ஒருத்தருமே குடியில்லன்னு எழுதி வச்சிக்கீறீங்க. சரி. அப்போ தெனம் விடியங்காட்டி நான் வாரிக்கினு வர்றேனே, அது யார் வூட்டுக் குப்பை? பேய் வூட்டுதா?"

கங்கம்மா இதைக் கேட்டபோது நான் நகரசபை ஆபீஸில் என் மேஜையில் உட்கார்ந்து பேனாவுக்கு மசி நிரப்பிக்கொண்டிருந்தேன். கேள்வி எனக்கில்லை, மேனேஜருக்கு. ஆனாலும் மசி என் சட்டையில்தான் கொட்டியது.

வரிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே, வரி எப்படிப் போடுவது, எந்தப் புத்தகத்தில் எதை எழுதுவது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை. நான் எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். மிச்சத்தை, வரி கேட்டுப் போன வீட்டு வாசல்களில் படித்தேன். அப்படிப் படித்ததில் கங்கம்மாவின் இந்த ஒரு கேள்வியை மட்டும் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன்.

எங்கள் ஊர், சித்தூரில் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போகிறவர்கள், சந்திரகிரிக் கோட்டை கண்ணில் படுவதற்கு முன்னால் டீ குடிக்க இறங்குகிற ஊர். பெயர் வேண்டாம். அந்தத் தெருவில் இருந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். முட்டை ஓடு விவகாரம் வேறு வரப்போகிறது.

நான் அங்கே பில் கலெக்டர். வீட்டு வரியைத் தெலுங்கில் இண்டி பன்னு என்பார்கள். பன்னு என்றால் வரி. பல்லுக்கும் அதே பன்னுதான். நான் தெருமுனை திரும்பும்போதே தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் "பன்னு பீக்கேவாடு ஒச்சினாடு!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடும். பல்லைப் பிடுங்குகிறவன் வந்துவிட்டானாம். ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும் வாயை ஆவென்று திறந்து காட்டுவார். உள்ளே ஒன்றுமிருக்காது. "போன தபாவே கடைசியையும் எடுத்துக்கினு பூட்டியேப்பா" என்பார். சிரித்து முடித்த பிறகு வரியைக் கொடுத்துவிடுவார். சிரிக்க வைத்துவிட்டால் பாதி வசூல் ஆன மாதிரி என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பன்னிலிருந்துதான் எங்கள் எல்லாருக்கும் சம்பளம். தெரு கூட்டுகிறவர், விளக்கேற்றுகிறவர், குழாய் திறக்கிறவர், நான். வரி குறைந்தால் நகரசபைக் கமிட்டி முதலில் கை வைப்பது சம்பளத்தில். அதிலும் முதலில் தெரு கூட்டுகிறவர்கள் சம்பளத்தில்.

ஆந்திர மாநிலம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஆனால் எல்லை எது என்று முடிவாகவில்லை. திருத்தணி எந்தப் பக்கம், சத்தியவேடு எந்தப் பக்கம், புத்தூர் எந்தப் பக்கம் என்று டீக்கடையில் விரலால் தண்ணீர் தொட்டு மேஜை மேல் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் பேசுகிற ஜனம். ஒரு வாக்கியம் தமிழில் கிளம்பித் தெலுங்கில் போய் இறங்கும். அப்போதுதான் ஒரு வதந்தி கிளம்பியது. ரயில்வே கேட்டுக்கு அப்பால் இருக்கிற புதுத்தெருவில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு மதராஸ் பக்கம் போகின்றன என்று.

காலியாகக் கிடக்கிற வீட்டுக்குப் பாதி வரி தள்ளுபடி உண்டு. அதனால் கமிட்டி என்னை அனுப்பியது. "ஒவ்வொரு வீடா போ. காலியா இல்லையான்னு எழுதிக்கினு வா." அவ்வளவுதான் உத்தரவு.

போனேன். நாற்பது வீடு. எந்த வீட்டிலும் மூட்டையும் இல்லை, முடிச்சும் இல்லை. இரண்டு வீட்டில் மட்டும் பூட்டு தொங்கியது. மற்ற முப்பத்தெட்டிலும் அடுப்பு எரிந்தது. கேட்ட கேள்வி 'காலியா?' என்பதால் நோட்டில் ஒவ்வொரு நம்பருக்கு எதிரிலும் பதிலாக 'காலி இல்ல' என்று எழுதினேன். பூட்டிய இரண்டுக்கும் வெறும் 'காலி'.

ஆபீஸில் ஓபுலேசு உட்கார்ந்திருந்தார். கடப்பைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த குமாஸ்தா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தமிழ் ஒரு சொல் தெரியாது. அவர் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொள்ள, நான் நோட்டைப் பார்த்து வாசித்தேன். மறுநாள் கார்வேட்டிநகரத்தில் என் தங்கைக்குக் கல்யாணம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒண்ணு, காலி இல்ல. ரெண்டு, காலி இல்ல. மூணு, காலி இல்ல. படபடவென்று வாசித்து, கடைசியில் அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

ஒரு வாரம் கல்யாணச் சாப்பாடு. முதல் தேதி காலையில் வேலைக்குத் திரும்பி, பேனாவுக்கு மசி நிரப்பிக்கொண்டிருந்தபோதுதான் கங்கம்மாவின் குரல்.

கங்கம்மா புதுத்தெருவைக் கூட்டுகிறவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பதினோரு வருஷம் தினக்கூலியாக இருந்து, அந்த வருஷம்தான் மாதச் சம்பளத்துக்கு மாறியிருந்தார். அந்தச் சம்பளத்தை நம்பி மகளை மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்த்திருந்தார். விடிகாலை ஐந்து மணிக்கே தெருவைக் கூட்டி வண்டியை நிரப்பிவிட்டு, ஒன்பது மணிக்கு ஆபீஸில் வருகைப் பதிவுக்கு ரேகை வைக்க வருவார். அன்றைக்கு ரேகை வைக்க விடவில்லை. புதுத்தெரு முழுக்கக் காலியாகிவிட்டது, காலித் தெருவுக்குக் கூட்டுகிற ஆள் எதற்கு, இன்று முதல் அந்த வேலை நீக்கம் என்று கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது.

"கமிட்டி முடிவும்மா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் மேனேஜர்.

"நாப்பதாம் நம்பரு என் வூடு சாமி. அதுவும் காலின்னு எழுதிக்கிதா?"

மேனேஜர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "ஆமாம்மா. காலின்னுதான் இருக்கு."

"அடக் கடவுளே! எம்புருஷன்கிட்ட யாருனா போயி சொல்லுங்க. வூடு காலின்னு தெரியாம அந்த மனுஷன் உள்ள கொறட்டை வுட்டுக்கினு கீறாரு."

ஆபீஸே சிரித்தது. கங்கம்மா சிரிக்கவில்லை. "குப்ப வண்டி வாசல்ல நிக்கிது. எனக்குத்தான் வேலை இல்லியே, அத எங்க கொட்டறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வெளியே போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வண்டி வாசலிலேயே நின்றது. வெயில் ஏற ஏற, அது அங்கே நிற்கிறது என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் ரிஜிஸ்டரை இழுத்துப் பார்த்தேன். நாற்பது வரியிலும் ஆங்கிலத்தில் 'வேகன்ட்', 'வேகன்ட்' என்று முத்து முத்தாக இருந்தது. அடியில் என் கையெழுத்து. நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'காலி இல்ல', 'காலி இல்ல'. ஓபுலேசுவைக் கூப்பிட்டேன்.

"என்னய்யா இது?"

அவர் குழந்தை மாதிரி என்னைப் பார்த்து, நீங்கள்தானே அப்படிச் சொன்னீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். "காலி இல்லு, காலி இல்லு அனி மீரே கதா செப்பினாரு?"

அப்போதுதான் எனக்குத் தலையில் மணி அடித்தது. தெலுங்கில் இல்லு என்றால் வீடு. காலி இல்லு என்றால் காலி வீடு. எனக்கோ வேகமாகப் பேசினால் கடைசி எழுத்து வாய்க்குள்ளேயே நின்றுவிடும். நான் 'காலியாக இல்லை' என்று சொல்லச் சொல்ல, அவர் 'காலி வீடு' என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறார். எனக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அன்றைக்கு என் வாய் தமிழில் இருந்தது, அவர் காது தெலுங்கில் இருந்தது, என் கால் பஸ் ஸ்டாண்டில் இருந்தது.

"சரி, ரெண்டு வீட்டுக்கு வெறும் காலின்னுதானே சொன்னேன்? அப்பவாவது கேட்டிருக்கலாம் இல்ல?" என்று தெலுங்கில் கேட்டேன்.

"நோரு நொப்பேமோ அனுகுன்னா, அண்ணா" என்றார். எனக்கு வாய் வலித்திருக்கும், அதனால்தான் அந்த இரண்டு இடத்தில் 'வீடு' என்று சொல்லாமல் விட்டேன் என்று நினைத்தாராம். கோபப்படலாம் என்று வாயைத் திறந்தவன் சிரித்துவிட்டேன். விஷயம் புரிந்ததும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் வெளுத்துவிட்டது. பில் இன்னும் ஒரு வீட்டுக்கும் போகவில்லை, பிளேடால் மையைச் சுரண்டித் திருத்தி எழுதிவிடுகிறேன், யாருக்கும் தெரியாது என்றார்.

எனக்கும் அந்த ஆசை வந்தது. பொய்யாகச் சொல்வானேன். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட்டவனை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்யலாம். கார்வேட்டிநகரத்தில் தங்கை கல்யாணத்துக்குப் போட்ட பந்தலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

மேனேஜர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பக்கத்தில் வந்து, "ரிஜிஸ்டரைச் சுரண்டிடலாம்பா. தீர்மானத்தைச் சுரண்ட பிளேடு எங்க விக்குது?" என்றார். "நீ எழுத்தைத் திருத்தினா உன் தப்பு போயிடும். அந்தம்மா வேலை திரும்பி வராது. சபை எடுத்ததைச் சபைதான் திருப்பிக் குடுக்கணும். இன்னிக்கி நாலு மணிக்கு அவசரமா சபை கூடுது. விட்டா அடுத்தது ஒரு மாசம் கழிச்சி."

"நான் சொன்னா கேப்பாங்களா சார்?"

"அது தெரியாது. ரெண்டு மெம்பருங்க உன் நாப்பது வீட்டை நம்பி எல்லைக் கமிட்டிக்கு மனு எழுதிக்கினு வர்றாங்க. இன்னிக்கி சபை முத்திரை வாங்கப் போறாங்க. நான் உனக்குப் பின்னால நிக்கிறேன். முன்னால நிக்க மாட்டேன்."

எனக்கு மேலே இருந்தவர்களில் இவ்வளவு நேர்மையாகத் தன் தைரியத்தின் அளவைச் சொன்னவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. நான் போகிறேன் என்றேன்.

நாலு மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. வாசலில் நின்ற வண்டியின் வாசனையும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் அரிசி மில் மெம்பர் எழுந்தார். நாற்பது தமிழ்க் குடும்பங்கள் தாமாகவே போய்விட்டதால் இது முழுக்கத் தெலுங்கு ஊர் என்று மனு வாசித்தார். உடனே வக்கீல் மெம்பர் எழுந்தார். நாற்பது தமிழ்க் குடும்பங்கள் விரட்டப்பட்டதால் மிச்சமிருக்கிற எங்களைக் காப்பாற்றுங்கள் என்று அவர் வாசித்தார். இரண்டு பேரும் அந்தத் தெருவை அத்தனை உருக்கமாகக் காலி செய்தார்கள். எனக்கே அங்கே யாரும் இல்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

எழுந்து நின்றேன். "சேர்மன் சார், அங்க யாரும் எங்கயும் போகல. தப்பு என்னுது" என்று ஆரம்பித்து, நோட்டைக் காட்டி, காலி இல்லவையும் காலி இல்லுவையும் சொன்னேன். அந்த ஹாலில் எல்லாருக்கும் இரண்டு மொழியும் தெரியும். அப்புறம் எழுந்த சிரிப்பில் ஜன்னல் கதவு ஆடியது. சேர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மனு எழுதிக்கொண்டு வந்த இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

"அன்னிக்கி கையெழுத்துப் போட்டதும் நீதானே?" என்றார் மில் மெம்பர். "அப்போ காலின்னு கையெழுத்து. இப்போ காலி இல்லன்னு பேச்சு. எதை நம்பறது?"

"நியாயமான கேள்வி" என்றார் வக்கீல் மெம்பர். அந்த இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நகரசபை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தது.

நோட்டை இன்னொரு தடவை தூக்கிக் காட்டினேன்; அதிலும் என் எழுத்துதான். அந்தக் கேள்வி நியாயமானதுதான். மேனேஜர் சொன்னபடியே பின்னால் நின்றார். ஓபுலேசு தரையைப் பார்த்தார். அப்போது வாசலில் கிறீச் கிறீச் என்று சக்கரச் சத்தம்.

கங்கம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு ஹாலின் படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டார். "தொர, கொஞ்சம் வெளிய வர்றீங்களா? உள்ள கொண்டாந்தா நல்லாருக்காது" என்றார்.

சேர்மன் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு எழுந்து வந்தார். சபை முழுக்கப் பின்னாலேயே வந்தது.

"இது என் ரிஜிஸ்டரு. ஒண்ணாம் நம்பருல ஆரமிச்சி வாரிக்கினு வருவேன். அதனால மேல கெடக்கறது கடைசி வூடு" என்று சொல்லி, தொடப்பத்தின் அடிக்கட்டையால் மேலே இருந்ததைத் தள்ளி வாசல் மண்ணில் கொட்டினார்.

"நாப்பது. என் வூடு. முருங்கக் காம்பு, எம்புருஷன் துன்னுட்டுப் போட்ட வேர்க்கல்லத் தோலு. முப்பத்தொம்போது, கொழந்தைக்குக் காது குத்தினாங்க, வாழ எல பாருங்க. எனக்கும் ரெண்டு வடை குடுத்தாங்க. முப்பத்தெட்டு, தையக்காரரு. வெட்டித் துண்டு. முப்பத்தேழுல ஒண்ணும் கெடையாது தொர, அது நெஜமாவே காலி, பூட்டிக்கிது."

நான் அவசரமாக நோட்டைத் திருப்பினேன். முப்பத்தேழுக்கு எதிரில் வெறும் 'காலி'. சேர்மன் எட்டிப் பார்த்தார். என் நோட்டையும் பார்த்தார், குப்பையையும் பார்த்தார். "மேல சொல்லும்மா" என்றார்.

"முப்பத்தாறு" என்று கங்கம்மா ஒரு பொட்டலத்தைக் கட்டையால் பிரித்தார். உள்ளே சாம்பல். சாம்பலுக்குள் வெள்ளை வெள்ளையாக என்னவோ. "முட்ட ஓடு. வாரத்துல ரெண்டு நாளு. காயிதத்துல சுத்தி, மேல சாம்பலப் போட்டு, ரொம்பப் பதமா வப்பாங்க."

முப்பத்தாறாம் நம்பர் மில் மெம்பரின் சம்பந்தி வீடு; மனுவுக்காக அதையும் சேர்த்துத்தான் அவர் காலி செய்திருந்தார். முட்டை என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற குடும்பம் என்று அந்த மெம்பர் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சாலு, சாலு! போதும், நம்பிட்டோம்" என்றார் அவர்.

"இன்னும் நெறைய வூடு கீதே தொர" என்று கங்கம்மா நிறுத்தவில்லை. முப்பத்தைந்தும் முப்பத்து நாலும் வந்து போயின. "முப்பத்து மூணு. இங்க மூணு சாம்பலு பாருங்க. இது வெறவு. இது வரட்டி. இது மரத்தூளு. மூணு அடுப்பு, மூணு குடித்தனம்."

அது வக்கீல் மெம்பர் வாடகைக்கு விட்ட வீடு. வாடகையை வைத்துத்தான் வரி. ஒரே குடித்தனம்தான் என்று அவர் தன் கைப்பட எழுதிக் கொடுத்த காகிதம் என் மேஜையில் இருந்தது. சேர்மன் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

"மீதி வீட்டை எல்லாம் பார்க்கத் தேவையில்லைன்னு அபிப்பிராயப்படறேன்" என்றார் வக்கீல் மெம்பர்.

"நானும் அதான் நெனைக்கிறேன். இன்னும் கீழ போனா இந்த ஊர்ல யாரு மிஞ்சுவாங்கன்னு தெரியல" என்றார் சேர்மன்.

உள்ளே திரும்பிப் போய் ஐந்து நிமிஷத்தில் தீர்மானத்தை ரத்து செய்தார்கள். இரண்டு மனுக்களும் மடிந்து இரண்டு பைகளுக்குள் போயின. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அதை இன்றும் வைத்திருக்கிறேன். பிற்பாடு பெரியவர்கள் உட்கார்ந்து கோடு போட்டார்கள். திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். புதுத்தெருவில் அன்றைக்கும் முப்பத்தெட்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது. ஓபுலேசு ஒரே வருஷத்தில் என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டக் கற்றுக்கொண்டார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். வாயால் சொன்னதைக் காகிதத்தில் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், பஸ் போனால் போகட்டும். ஒரு தெருவைப் பற்றி ஹாலில் என்ன பேச்சு நடந்தாலும், அந்தத் தெருவைக் கூட்டுகிறவரை ஒரு வார்த்தை கேளுங்கள். நாம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வீட்டு வாசலுக்குப் போகிறோம். அவர் தினமும் போகிறார்.

கங்கம்மா கதை அதோடு முடியவில்லை. மேனேஜர் படிக்கட்டில் நின்று புதுத் தீர்மானத்தை அவருக்கு வாசித்துக் காட்டினார். இன்று முதல் நீக்கம் என்ற பழைய தீர்மானம் ரத்து, நாளை முதல் மறுபடி அதே வேலை, அதே மாதச் சம்பளம். கங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"சந்தோஷந்தானேம்மா? சரி, இந்தக் குப்பையை வாரிக்கினு போ" என்றார் சேர்மன், துண்டை எடுக்காமலேயே.

கங்கம்மா முந்தானையை இறக்கினார். "எப்பலேர்ந்து வேலைன்னு படிச்சாங்க தொர?"

"நாளைலேர்ந்து."

"அப்போ இன்னிக்கி?"

சேர்மன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் காகிதத்தைப் பார்த்தார். காகிதத்தில் இன்றைக்கு என்று ஒன்றுமே இல்லை.

"பதினோரு வருஷத்துல ஒரு நாளு லீவு கேட்டேன், குடுக்கல. இப்போ கமிட்டியே குடுத்துட்ச்சி" என்றார் கங்கம்மா. என்னிடம் தொடப்பத்தை நீட்டினார். முறத்தை ஓபுலேசுவிடம் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும், மொத்த நகரசபையும் பார்த்துக்கொண்டிருக்க, வாசலைக் கூட்ட ஆரம்பித்தோம். கங்கம்மா படிக்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தார். ஒரு வெற்றிலையை எடுத்துத் தொடையில் துடைத்து, சுண்ணாம்பு தடவிக்கொண்டே விரலை நீட்டினார்.

"அந்த மூலையில ஒரு முட்ட ஓடு வுட்டுப்போச்சி பாரு, நைனா."